குப்பைமேட்டு மண்ணுக்கு எந்த மீட்டர்? முள் மீட்டரும் பேனா மீட்டரும்

குப்பை கொட்டிய இடத்து மண்ணைச் சோதிக்கப் பலரும் முதலில் வாங்குவது, ஈரம், பிஎச் (அமில-காரத் தன்மை), வெளிச்சம் மூன்றையும் காட்டும் பேட்டரி இல்லாத முள் மீட்டர். இந்த வேலைக்கு அது ஆகாது. அதன் இரண்டு கம்பிகளும் வெவ்வேறு உலோகம். ஈரமண்ணில் குத்தியதும் அவையே சின்ன பேட்டரியாகி முள்ளைத் தள்ளுகின்றன. அழுகும் குப்பையிலிருந்து வடியும் கசிவுநீரில் சோடியம், குளோரைடு, அம்மோனியம் ஏராளம். உப்பு கூடினால் மின்னோட்டமும் கூடும். அரைகுறை ஈரத்திலேயே முள் 'நல்ல ஈரம்' பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். சுவிட்சை பிஎச்சுக்குத் திருப்பினாலும் அதே கதைதான். என் மதிப்பெண் 5-க்கு 1, அதுவும் பூந்தொட்டிக்காக.

பிஎச்சையும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் (ஈ.சி.) அளக்கும் பேனா வடிவ மீட்டர்கள் உருப்படியானவை, மண்ணில் நேரே குத்தாதவரை. மண்ணை நிழலில் உலர்த்தி, கண்ணாடி, பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். பிஎச்சுக்கு 20 கிராம் மண், 50 மி.லி. காய்ச்சி வடித்த நீர். அரைமணி நேரம் அவ்வப்போது கலக்கி அளக்கலாம். ஈ.சி.க்கு அதே 20 கிராமுக்கு 100 மி.லி.; தெளிந்த மேல்நீரில் அளவிடுங்கள். அதற்குமுன் பிஎச் பேனாவை பிஎச் 7, 4 என்று எண் தெரிந்த பஃபர் கரைசல்களிலும், ஈ.சி. பேனாவை 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலிலும் சரிபார்க்க வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உவர்மண்ணுக்குச் சொல்லும் 4 டெசிசீமன்ஸ் ஈ.சி. வரம்பு, மண்ணைக் கூழாக்கிப் பிழிந்த சாற்றுக்கானது. ஐந்து மடங்கு நீரில் கரைத்த அளவு அதைவிடப் பல மடங்கு குறைவாகவே வரும். மீட்டர் 0.8 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்தால், உண்மையில் அந்த மண் உவராகவே இருக்கலாம். எந்த மடங்கால் பெருக்குவது என்பது மண்ணின் நயத்தைப் பொறுத்தது. மணலுக்கு அதிகம், களிக்குக் குறைவு.

பிஎச் பேனாவின் எதிரி குப்பை மண்ணின் எண்ணெய்ப் பிசுக்கு. கண்ணாடிக் குமிழில் அது படிந்தால் எண் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். நீர்த்த சோப்புநீரில் அலசி, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டால் குமிழ் சீக்கிரம் கெடும். பேனாவுக்கு 5-க்கு 4. சேமிப்புக் கரைசல் பெட்டியில் வராததால் ஒன்று குறைகிறது.

புதுக் குப்பை அழுகும்போது உருவாகும் கரிம அமிலங்கள் பிஎச்சை இறக்கும். உலோகங்கள் கரைந்து நகரும். சாம்பலும் கட்டட இடிபாடும் சேர்ந்த பழைய மேட்டில் பிஎச் 8 பக்கம் ஏறும். பெரும்பாலான உலோகங்கள் மண்ணிலேயே படிந்து நிற்கும். ஆகவே பிஎச் 8 வந்தால் ஈயமோ காட்மியமோ இல்லை என்று அர்த்தமில்லை. அதை எந்தப் பேனாவும் காட்டாது. ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அனுப்பும்போது 0–15, 15–30 செ.மீ. ஆழங்களைத் தனித்தனிப் பையில் கட்டுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கசிவுநீர் எட்டாத, சரிவின் மேற்பக்க மண்ணும் ஒரு பை. டி.டி.பி.ஏ. என்ற, உலோகத்தைப் பற்றி இழுக்கும் வேதிப்பொருளின் சாற்றில் வரும் உலோகம் செடி எடுக்கக்கூடியது; மொத்த உலோகம் வேறு கணக்கு. இரண்டையும் கேளுங்கள். அங்ககக் கரிமத்தை டைகுரோமேட் முறையில், அதாவது கரிமம் எவ்வளவு டைகுரோமேட்டைத் தின்கிறது என்று பார்த்தால், குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்றுவிடும், கரிமம் கூடுதலாகக் காட்டும். சில்வர் சல்பேட் அதைத் தடுக்கும். 'உப்பு மண், சில்வர் சல்பேட் சேர்க்கவும்' என்று பையோடு போகும் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.