ஒரு பாக்கெட், பல உண்டியல்: தருமபுரியில் நன்கொடைப் போட்டி

ஒரு நடிகர் ஏதாவது ஒரு நிதிக்குக் குரல் கொடுத்துவிட்டால், மற்றவர்களுக்கு வரவேண்டிய பணமும் அதிலேயே போய்விடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தொண்டு வேலையில் இருப்பவர்களிடம் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. பெரிய நிதிகள் நாம் நினைக்கும் அளவுக்கு மோதிக்கொள்வதில்லை. மோதல் நடப்பது நம்ம கடைவீதியில்.

முதலில் பேரிடர் நிதி. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு. மோகன்லால் 3 கோடி, சூர்யா, ஜோதிகா, கார்த்தி சேர்ந்து 50 லட்சம், விக்ரம் 20 லட்சம் என்று செய்தி மேல் செய்தி. நாலே மாதத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. ஆனால் எனக்கு வந்த எந்தப் பகிர்விலும், பணத்தை எங்கே அனுப்புவது என்று ஒரு வரி இல்லை. சிவகார்த்திகேயன் கொடுத்த 10 லட்சம் மாநிலம் முழுமைக்குமான நிவாரணத்துக்கு. 'வயநாட்டுக்குக் கொடுத்தே எல்லாருக்கும் கை காய்ந்துவிட்டது' என்று இங்கே சிலர் சலித்துக்கொண்டார்கள். அங்கே போனது நூற்றுக்கணக்கான உயிர், அதோடு இதை நிறுத்துப் பார்ப்பதே சரியில்லை. தவிர, ஊத்தங்கரைக்காக யாரும் முறையாகக் கேட்கவே இல்லாதபோது, கொடுக்கவில்லை என்று யாரைக் குறை சொல்வது?

ஒரு நிதி இன்னொன்றின் பணத்தை இழுக்கிறதா என்று பிரிட்டனில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே பேரிடர் என்றால் பெரிய தொண்டு நிறுவனங்கள் தனித்தனியாகக் கை நீட்டுவதில்லை. 1963-லிருந்து டிஈசி என்ற கூட்டமைப்பின் பெயரில் ஒரே வேண்டுகோள்தான். அப்படி வேண்டுகோள் வந்த சமயங்களில் கொடையாளர்களின் கணக்குகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் அலசினார்கள். மற்ற தொண்டுகளுக்குப் போகும் பணம் மொத்தத்தில் குறையவில்லை, கொடுக்கும் நேரம்தான் கொஞ்சம் முன்பின் மாறுகிறது என்று தெரிந்தது. அதே நாட்டில் இன்னொரு கருத்துக்கணிப்பில் பிரபலமான ஏழு தொண்டு நிறுவனங்களின் பெயரைக் கொடுத்துக் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்குப் பேரால் அவற்றில் எதோடும் ஒரு நட்சத்திரத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. நம் ஊர்க் கதை வேறு. பாப்பாரப்பட்டி டீக்கடையில் கேட்டாலும் அகரம் அறக்கட்டளை என்றால் சூர்யா என்பார்கள்.

கல்விக்குக் கொடுக்க நினைப்பவருக்கு அந்த அகரமும், அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் எதிரெதிரே நிற்கின்றன. அகரம் 2006-ல் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கல்லூரிவரை கொண்டுபோகிறது. மற்றது 2022 டிசம்பரில் வந்தது. விஸ்வநாதன் ஆனந்த் அதன் தூதர். இதில் எந்த அரசுப் பள்ளிக்கு என்று நாமே குறிப்பிட்டுக் கொடுக்கலாம். ஆனந்த் உலக சாம்பியனாக இருந்தவர்தான், ஆனால் அரூர்ப் பள்ளிக்கு பெஞ்சு வாங்க அவரைவிட அந்தப் பள்ளியின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழு நன்றாக வேலை செய்யும். ஒன்று பிள்ளைக்கு, இன்னொன்று கட்டடத்துக்கு. இரண்டுக்கும் கொடுப்பவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

சிகிச்சைக்கான நிதியில் நோயாளியின் முகம்தான் எல்லாம். 2021-ல் நாமக்கல் மாவட்டக் குழந்தை ஒன்றின் தசைநார்ச் சிதைவு நோய்க்கு 16 கோடி ரூபாய் ஊசி தேவைப்பட்டது. முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து பணத்தைப் புரட்டினார்கள், மத்திய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. அந்தக் குடும்பத்துக்குப் போன பணத்தால் நமக்கு ஏதும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக நம் மாவட்டத்தில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. அதற்காக உருக்கமான வீடியோ எதுவும் சுற்றவில்லை. கடைசியில் ஜப்பான் கடனுதவியோடு அரசு கட்டி, 2013-ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் கைகொடுத்தது. செலவு 1,900 கோடிக்கு மேல். எந்த உண்டியலும் அந்த அளவுக்கு நிறையாது.

இனி கடைவீதி. ஆடி பிறந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற ஒரு ரசீது, விநாயகர் சதுர்த்திக்கு ஒன்று, அப்புறம் கபடிக் கோப்பைக்கு, பள்ளி ஆண்டு விழாவுக்கு. காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளைத் திருவிழா நேரத்தில் முதியோர் இல்லத்துக்கென்று ரசீதுப் புத்தகத்தோடு ஒரு கடை ஏறிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். "போன வாரம்தான் கபடிக்காரங்க வந்துட்டுப் போனாங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே, 500 எழுதிய ரசீதை நூறாக்கச் சொல்வார். கல்லாவிலிருந்து வெளியே போகும் மொத்தத் தொகை அவர் மனதில் முன்பே முடிவாகிவிட்டது. முதலில் வந்தவருக்கு ஐநூறு, கடைசியில் வந்தவருக்கு ஐம்பது. இங்கேதான் ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறைகிறது. கபடிக் கோப்பைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சீக்கிரம் எழுந்து கிளம்பினார், அவ்வளவுதான்.

ஓசூருக்கு இந்தத் தொல்லை குறைவு. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பெரிய கம்பெனிகள் அங்கே இருக்கின்றன. ஆலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரும்படி 2013 கம்பெனிச் சட்டமே சொல்கிறது. பென்னாகரத்துக்கும் ஏரியூருக்கும் அந்த யோகம் இல்லை.

வரிச் சலுகையைப் பார்ப்பவர்களுக்கு: பழைய வரி முறையில் முதல்வர் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் முழுத் தொகைக்கும் கழிவு. வரிக் கழிவுக்குப் பதிவு பெற்ற அறக்கட்டளை என்றால் பெரும்பாலும் பாதி. எதுவானாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. தனி ஆளின் சிகிச்சைக்குக் கொடுத்தால் ஒன்றுமில்லை. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது.

டிஈசி மாதிரி உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரே ரசீது போடலாமே என்று இங்கே இரண்டொருவரிடம் சொல்லிப் பார்த்தேன். எல்லாருக்கும் சம்மதம். ரசீதில் யார் பெயரை மேலே அச்சடிப்பது என்பதில் பேச்சு நிற்கிறது.