உடைந்த ஃபேரிங்: பாலியெஸ்டரா, எப்பாக்சியா, படகுக்காரரா?

முன்சக்கரம் வழுக்கி பைக் சரளையில் போய்ப் படுத்தால் முதலில் போவது ஃபேரிங்தான், அதாவது பைக்கைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் வெளிக்கூடு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் உடைந்த ஃபைபர் துண்டுகள் ஒரு மூட்டையாவது கிடக்கும், என் வீட்டிலும் கிடக்கிறது. சில வருடங்களாக நானேதான் ஒட்டுகிறேன். பாலியெஸ்டர் ரெசினில் (கலந்து ஊற்றினால் இறுகிவிடும் பசைக் குழம்புதான் ரெசின்) ஒட்டியிருக்கிறேன், எப்பாக்சி ரெசினில் ஒட்டியிருக்கிறேன், இரண்டிலும் சொதப்பியும் இருக்கிறேன்.

முதலில் கையில் இருப்பது உண்மையிலேயே ஃபைபரா என்று பாருங்கள். நம் ஊரில் வண்டியில் உலோகம் இல்லாத எல்லாவற்றுக்கும் ஃபைபர் என்றுதான் பெயர். ஷோரூமில் இருந்து வரும் வண்டியின் பேனல் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், உள்பக்கம் அந்த எழுத்தே அச்சாகியிருக்கும். அதைச் சூட்டுக்கோல் வைத்து உருக்கி ஒட்டுவது வேறு கதை. ரேஸ் ஃபேரிங்கின் உள்பக்கம் சொரசொரவென்று கண்ணாடி இழை தெரியும், நான் பேசுவது அதைப் பற்றி.

பாலியெஸ்டரின் பெரிய பலம் வேகம். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ரெசினில் கலந்திருந்தால் (இல்லையென்றால் கடையில் தனியாகத் தருவார்கள்) 100 கிராமுக்கு 1 முதல் 2 மில்லி ஹார்ட்னர், அதாவது ரெசினை இறுக வைக்கும் திரவம், நன்றாகக் கலக்கினால் சென்னை வெயிலில் இருபது நிமிடத்துக்குள் கெட்டியாகிவிடும். சனிக்கிழமை விழுந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓட வேண்டுமென்றால் இதுதான் வழி, வேறு யோசனையே வேண்டாம். விலையும் குறைவு. ஆனால் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றாதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கக்கூடச் செய்யும். கோபால்ட்டை ரெசினில் முழுசாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர். அந்த ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், அதனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்கவே திறக்காதீர்கள். நாற்றம் இன்னொரு தொல்லை. நான் ஒருமுறை பால்கனியில் கலக்கியதற்கு மேல்வீட்டு அக்கா கேஸ் கசிகிறது என்று இறங்கி வந்துவிட்டார்.

பாலியெஸ்டரின் பலவீனம் ஒட்டுவதில்தான் இருக்கிறது. அச்சில் புதிதாக வார்க்கும்போது அருமையாக வேலை செய்யும். அதையே ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் பழைய ஃபைபர் மேல் போட்டால், தேய்த்த கீறல்களைப் பிடித்துக்கொண்டு நிற்குமே தவிர வேதியியலாகப் பெரிதாகக் கலக்காது. காயும்போது சுருங்கவும் செய்யும். ஒழுங்காகத் தேய்க்காத இடத்தில் போட்ட ஒட்டு மூன்று மாதம் கழித்து அப்பளம் மாதிரி மொத்தமாகக் கழன்று வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எப்பாக்சி அந்த இடத்தில் ஜெயிக்கிறது. பழைய பாலியெஸ்டர் மேலும் இறுக்கிப் பிடிக்கும், சுருங்குவது மிகக் குறைவு, நாற்றம் கம்மி. பதிலுக்குப் பொறுமையைக் கேட்கும். பாலியெஸ்டரில் ஹார்ட்னர் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சமாளிக்கலாம், இங்கே டப்பாவில் போட்டிருக்கும் விகிதம்தான், 100க்கு 10 என்றால் 10, சமையலறைத் தராசு வைத்து எடை போடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் ரப்பர் மாதிரி கொழகொழவென்று அப்படியே இருக்கும், சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஒரே கப்பில் நிறையக் கலக்கினாலும் சூடேறிப் புகைந்துவிடும். இரவு ஒட்டினால் மறுநாள் சாயங்காலம்தான் தேய்க்கலாம். விலை இரண்டு மூன்று மடங்கு வரும், ஆனால் ஒரு விரிசலுக்கு 100 கிராம் ரெசின்கூட ஆகாது, அதில் என்ன பெரிய மிச்சம்.

பலர் கோட்டைவிடுவது மேட் விஷயத்தில். கடையில் 'ஃபைபர் மேட்' என்று கேட்டால் துண்டு துண்டான இழைகளை ஒட்டி வைத்த விரிப்பைத் தருவார்கள். அந்த இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகவே போட்டது. எப்பாக்சியில் ஸ்டைரீன் இல்லை, அதனால் பசை கரையாது, மேட் வளையாமல் அட்டை மாதிரி விறைத்து நிற்கும், அடியில் காற்று தங்கும். எப்பாக்சி வாங்கினால் துணி மாதிரி நெய்த கிளாத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, எப்பாக்சி போட்ட இடத்தின் மேல் பிறகு பாலியெஸ்டர் ரெசின் போடாதீர்கள், சரியாகப் பிடிக்காது. எப்பாக்சி காய்ந்ததும் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு வரும், அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் எமரி பேப்பரை எடுக்க வேண்டும்.

எது எடுத்தாலும் பாதி வேலை தேய்ப்பதுதான். உடைந்த துண்டுகளை வண்டியிலேயே போல்ட் போட்டுப் பொருத்தி, வெளிப்பக்கம் டேப் ஒட்டி நிறுத்துங்கள், இல்லையென்றால் ஒட்டி முடித்த பிறகு போல்ட் ஓட்டை பொருந்தாது. உள்பக்கம் வெள்ளையாக வெளுத்த இடமெல்லாம் உள்ளே இழை பிரிந்த இடம், காசால் தட்டினால் சத்தம் மந்தமாகக் கேட்கும், அதையெல்லாம் எடுத்துவிடுங்கள். தடிமன் 2 மில்லிமீட்டர் என்றால் விரிசலின் இரண்டு பக்கமும் 24 மில்லிமீட்டர் வரை சரிவாகத் தேய்க்க வேண்டும், 80 நம்பர் பேப்பரில். முழுக்கைச் சட்டை, மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசி கையில் ஏறினால் ராத்திரி தூக்கம் போச்சு.

சரி, இவ்வளவு பாடு எதற்கு, கடையில் கொடுத்தால் என்ன? பெயிண்ட் கடை ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் தொடவே இல்லை, வெளியே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பளபளவென்று கொடுத்தார்கள். பட்டியில் இழை கிடையாது, இன்ஜின் அதிர்வில் அதே கோட்டில் திரும்பவும் வெடித்தது. அதைவிடக் காசிமேடு பக்கம் ஃபைபர் படகு பழுது பார்க்கிறவர்கள் எவ்வளவோ மேல். ரோலரை வைத்துக் காற்றை எடுக்கும் அவர்கள் கைப்பழக்கம் நமக்கு வராது. என்ன, கடல் அலைக்குப் போடுகிற பழக்கத்தில் அடுக்கு மேல் அடுக்கு போட்டு, வாங்கும்போது லேசாக இருந்த ஃபேரிங்கைக் கனமாக்கிக் கொடுப்பார்கள். இரண்டு அடுக்கு போதும்ணே என்று பக்கத்திலேயே நின்று சொல்ல வேண்டும்.

இப்போது நான் செய்வது இப்படி. பக்கவாட்டுப் பேனலில் பெரிய ஓட்டை என்றால் பாலியெஸ்டரும் மேட்டும், அது சுமை தாங்கும் இடம் இல்லை. போல்ட் மாட்டும் காதுகள், மூக்கு பிராக்கெட் உட்காரும் இடம், இதெல்லாம் எப்பாக்சியும் கிளாத்தும்தான், காதில் மூன்று நான்கு அடுக்காகப் போட்டு ஓட்டையை அப்புறம் துளைப்பேன். ஃபைபர் பெட்ரோல் டேங்க் வைத்த பழைய வண்டி என்றால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம், எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரெசினையே தின்றுவிடும்.

இன்ஜினுக்கு அடியில் வரும் ஃபேரிங் பகுதியான பெல்லி பேனுக்கு எப்போதும் எப்பாக்சி. சாலைப் பந்தய விதிகளில் இன்ஜின் வெடித்தால் ஆயிலையும் கூலன்ட்டையும் அது பிடித்து வைக்க வேண்டும், மொத்த அளவில் பாதியாவது. ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் பின்னால் வருகிறவன் டயருக்கு அடியில் ஆயில். அதனால் ஒட்டி முடித்ததும் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் வைத்துவிடுவேன். காலையில் தாள் நனைந்திருந்தால் மறுபடியும் 80 நம்பர் பேப்பர்.