எந்த நிமிடத்தில் காதில் பட்டது? அமெச்சூர் ஆம்பியன்ட் இசையை மாதக்கணக்கில் ஓடவிட்ட அனுபவம்

எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் சில வருடங்களாக, வேலை செய்யும்போதும் படிக்கும்போதும் தூங்கப் போகும்போதும் என் காதில் ஓடுவது பெரும்பாலும் பெயர் தெரியாத யாரோ ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து செய்த ஆம்பியன்ட் இசைதான், அதாவது பின்னணியில் மெல்லப் பரவிக்கிடக்கும் இசை. சவுண்ட்கிளவுட், பேண்ட்கேம்ப், யூடியூப் என்று எங்கே கிடைத்தாலும் எடுத்துக் கேட்பேன். கேட்டதோடு விடாமல் செய்தவருக்கு நாலு வரி எழுதியும் அனுப்புவேன். அந்த நாலு வரியில் எது அவர்களுக்குப் பயன்படுகிறது, எது வீண் என்பது இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

அமெச்சூர் இசையை ஏன் தேடிப் போகிறேன் என்றால், முக்கியக் காரணம் நீளம். ஸ்பாட்டிஃபையில் ஒரு ட்ராக்கை 30 விநாடி கேட்டாலே ஒரு ஸ்ட்ரீம் கணக்காகிவிடும். 40 நிமிடம் கேட்டாலும் அதே ஒரு ஸ்ட்ரீம்தான். வருமானம் பார்ப்பவர்கள் இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாகப் போடுவதில் ஆச்சரியமில்லை. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத ட்ராக்குக்கு அங்கே ராயல்டியும் கிடையாது. அமெச்சூர்களில் பலர் அந்தக் கணக்கையே தலைமுழுகிவிட்டவர்கள். ஒரே சுருதியை முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டிருக்க அவர்களுக்குத்தான் மனசு வருகிறது. கருவிகளுக்கும் பஞ்சமில்லை. சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்த் (ஒலியை உருவாக்கும் மென்பொருள்) முழுக்க இலவசம், வைட்டல் என்ற இன்னொரு சின்த்துக்கு இலவசப் பதிப்பு உண்டு, வல்ஹல்லாவின் எதிரொலி மென்பொருள் சூப்பர்மாசிவ் 2020 முதல் சும்மாவே கிடைக்கிறது. எந்த ஒலியையும் பல மடங்கு இழுத்து நீட்டும் பால்ஸ்ட்ரெட்ச் அதற்கும் பல வருடம் முந்தியது.

பஞ்சம் கருத்துக்குத்தான். "அருமை", "மனசு லேசானது", "எங்கேயோ போய்விட்டேன்". இவை பொய் இல்லை, ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு செய்தவர் எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவார்? பாட்டென்றால் வரி, மெட்டு, குரல் என்று பேச ஏதாவது அகப்படும். இங்கே பிடித்துக்கொள்ளவே ஒன்றும் கிடையாது. இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978-இல் இந்த வகைக்கு விளக்கம் எழுதியபோதே, கவனித்துக் கேட்டாலும் கவனிக்காமல் விட்டாலும் அது ஈடுகொடுக்க வேண்டும் என்றுதான் சொன்னார். கவனிக்காமல் விடுவதற்காகவும் செய்யப்பட்ட ஒன்றைப் பற்றி, கவனித்துக் கருத்துச் சொல் என்றால் யார்தான் என்ன சொல்ல முடியும்?

எனக்குக் கைகொடுத்த வழி, இசையை விவரிப்பதைக் குறைத்து, கேட்ட விதத்தைச் சொல்வது. எதில் கேட்டேன், எவ்வளவு சத்தத்தில், என்ன செய்துகொண்டிருந்தேன், எந்த நிமிடத்தில் தலை நிமிர்ந்தேன். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். படித்துக்கொண்டிருக்கும்போது இசை திடீரென்று காதில் பட்டால் முதலில் நிமிடத்தைக் குறித்துவிடுவேன். ஏன் பட்டது என்ற ஆராய்ச்சி அப்புறம். "11:40-இல் நிமிர்ந்தேன், ஏதோ உலோகம் உரசியது போல இருந்தது" என்று ஒரு வரி அனுப்பினால் அன்றைக்கே பதில் வரும். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று செய்தவருக்குத் தெரியும், எனக்குத் தெரிய வேண்டியதில்லை. சில சமயம் அங்கே வேண்டுமென்றே ஒரு மணியோசையை வைத்திருப்பார். நான் நிமிர்ந்தது அவருக்குச் சந்தோஷம். சில சமயம் ஒரு ஃபில்டரின் ரெசனன்ஸ் (ஒரு அதிர்வெண்ணை மட்டும் தூக்கிக்காட்டும் அளவு) மெல்ல ஏறி, ஒரு சுரத்தில் மட்டும் விசில் அடித்திருக்கும். அதே ட்ராக்கை நூறு தடவை கேட்ட அவர் காதுக்கு அது பழகிப்போயிருக்கும். சவுண்ட்கிளவுடில் அலைவடிவத்தின் மேலேயே அந்தந்த விநாடியில் கருத்தைக் குத்திவைக்க முடிவது இந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தம். அதிலும் பலர் முதல் பத்து விநாடிக்குள் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், அது வேறு கதை.

எதில் கேட்டேன் என்பதைச் சொல்லாத கருத்து பாதிக் கருத்துதான். ஒருவரின் ட்ராக்கில் முதல் மூன்று நிமிடம் காலியாக இருக்கிறது என்று எழுதினேன். அவருக்குக் குழப்பம். அங்கேதான் தன் பெரிய ட்ரோனை, அதாவது மாறாமல் நீளும் அடிச்சுருதியை, வைத்திருந்தார், 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில். நான் கேட்டது ஃபோன் ஸ்பீக்கரில். அந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. காதை மூடும் பெரிய ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்பவருக்கு இது தெரிய வழியே இல்லை. அவர் பேஸைக் கூட்டவில்லை; கூட்டினாலும் ஃபோனில் வரப்போவதில்லை. ட்ரோன் மேல் லேசாக சாச்சுரேஷன் (ஒலியைக் கொஞ்சம் சிதைக்கும் விளைவு) போட்டார். அதில் 120, 180, 240, 300 என்று மேற்சுரங்கள் முளைக்கின்றன. மேற்சுரங்கள் மட்டும் கேட்டாலே போதும், இல்லாத அடிச்சுருதியைக் காது தானே ஊகித்துக்கொள்ளும். அடுத்த வடிவத்தில் அதே ஃபோனில் அந்த மூன்று நிமிடமும் இருந்தது.

சத்தத்தின் அளவும் அப்படித்தான். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிய விஷயம்: வால்யூமைக் குறைக்கக் குறைக்க நம் காதுக்கு பேஸ் மற்றவற்றைவிட வேகமாகக் கரைந்துபோகும், 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஆம்பியன்ட் இசையைப் பெரும்பாலோர் கேட்பது மெல்லிய சத்தத்தில். செய்பவரோ உற்சாகத்தில் சத்தமாக வைத்துக்கொண்டு செய்கிறார். அவர் கேட்ட வெதுவெதுப்பான பேட் (நீண்டு பரவும் சின்த் ஒலி) என் பக்கம் வரும்போது அடி கழன்று, மேலே தூவிய மினுமினுப்பும் இரைச்சலும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. இப்போதெல்லாம் எல்லோருக்கும் நான் சொல்வது, கடைசி மிக்ஸை ஒரு தடவையாவது பக்கத்தில் ஒருவர் மெதுவாகப் பேசினால் கேட்கும் அளவுக்குக் குறைத்து வைத்துக் கேளுங்கள் என்றுதான்.

மோனோ இன்னொரு பொறி. பேடை அகலமாக்க ஒரு பக்க அலையைத் தலைகீழாகத் திருப்பிவிடும் ப்ளகின்கள் இருக்கின்றன. ஹெட்ஃபோனில் பிரமாதமாக விரியும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் சேரும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். பேட் இல்லாத ஆம்பியன்டில் மிச்சம் என்ன இருக்கும், ரிவெர்ப்பின், அதாவது செயற்கை எதிரொலியின், வால்தான்.

ரிவெர்ப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரிவெர்ப்புக்குப் போகும் ஒலியில் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டாலே பாதிக் கலங்கல் தெளிந்துவிடும். அப்புறம் ஷிம்மர். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஆக்டேவ் மேலே ஏறும் அந்த ரிவெர்ப்பை முதல் தடவை கேட்கும்போது யாருக்கும் சிலிர்க்கும். தினமும் கேட்பவனுக்கு அது வரப்போவது தெரிந்ததும் கை தானாக அடுத்த ட்ராக்குக்குப் போகும்.

லூப் விஷயம் இதைவிடப் பெரிது, ஏனென்றால் இது முதல் தடவையில் மாட்டாது. மழைச்சத்தம் அல்லது காட்டுச்சத்தத்தின் ஒரு பதிவை எடுத்து, 20 விநாடியில் வெட்டி, ட்ராக் முழுக்க ஓட்டியிருப்பார்கள். முதல் வாரம் எதுவும் தெரியாது. ஒருநாள் அந்தப் பறவை, அதே பறவை, அதே இரண்டு கூவல், 20 விநாடிக்கு ஒருமுறை வருவது தெரிந்துவிடும். தெரிந்தபின் தெரியாததாக ஆக்கவே முடியாது. அந்த ட்ராக்கின் கதை அவ்வளவுதான். இதற்கு மருந்து பழையது: வெவ்வேறு நீளமுள்ள லூப்களை ஒன்றோடொன்று ஓடவிடுவது. ஒன்று 17 விநாடி, இன்னொன்று 23 விநாடி என்று வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தொடக்கத்துக்குத் திரும்ப 391 விநாடி, அதாவது ஆறரை நிமிடம் ஆகும். மூன்றாவதாக 29 விநாடி லூப் ஒன்றைச் சேர்த்தால் மூன்றும் ஒன்றுசேர மூன்று மணி நேரத்துக்கும் மேல். பறவைக்கு மட்டும் இந்தக் கணக்கும் உதவாது. காது பிடிப்பது அதன் கூவலை. அதை நீளமான பதிவாக எடுப்பதோ, எடுத்துவிடுவதோதான் வழி. என் ஓட்டு எடுத்துவிடுவதற்கே.

சினிமாட்டிக் என்ற பெயரில் வருவதற்கு என் கேள்வி தலைகீழ். அங்கே நான் குறித்து அனுப்புவது, என் கவனம் எந்த நிமிடத்தில் கழன்றது என்பதை. பெரும்பாலும் அது இரண்டாவது நிமிடத்திலேயே நடந்துவிடுகிறது, ஏனென்றால் ஐந்தாவது நிமிடம் அங்கேயே தெரிந்துவிடும்: அடியில் ட்ரோன், தயங்கித் தயங்கி ஒரு பியானோ, தையல் மெஷின் போல ஓடும் வயலின்கள், ஏறிக்கொண்டே போகும் ஒரு இரைச்சல், பெரிய முரசு, 2010-ஐ ஒட்டி ட்ரெய்லர்களில் தொற்றிக்கொண்ட அந்தப் பித்தளை அலறல், சட்டென்று மௌனம், கடைசியில் ஒற்றைப் பியானோ சுரம். தனித்தனியாக எல்லாம் சுத்தமாகச் செய்யப்பட்டிருக்கும். ஆனால் இத்தனை ஆவேசமும் எதற்கு என்பதற்குத் திரையில் காரணம் காட்ட ஒரு படம் இல்லை. ஒருவர் இலவச வீடியோ ஒன்றைப் பார்த்தபடி இசையமைத்துவிட்டு, ஒலியை மட்டும் ஏற்றியிருந்தார். 2:10-இல் காரணமே இல்லாமல் அறுந்தது என்று எழுதினேன். அங்கே காட்சி வெட்டாம். படம் இல்லாமல் கேட்பவனுக்கு அது வெறும் விபத்து.

இந்த வகையில் அடிக்கடி வரும் தொழில்நுட்பக் கோளாறு சத்தத்தைச் சமன்செய்வதில் கிளம்புகிறது. ஸ்பாட்டிஃபை மொத்தச் சத்தத்தை வழக்கமாக −14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. அந்த அளவுகோல் ரொம்ப மெல்லிய பகுதிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை; சராசரியைவிட 10 அலகுக்கு மேல் தாழ்ந்தவை ஒதுக்கப்பட்டுவிடும். முதல் மூன்று நிமிடம் கிசுகிசுத்துவிட்டு, கடைசி இரண்டு நிமிடம் −8 அளவில் முழங்கினால், கணக்கை முடிவு செய்வது அந்த முழக்கம்தான். ட்ராக் முழுக்க 6 டெசிபல் இறங்கும், கிசுகிசுப்பும் சேர்ந்தே இறங்கும். கேட்பவர் வால்யூமைக் கூட்டுவார். அப்புறம் முரசு வரும். தூங்கப் போகும்போது இது எனக்கு நடந்திருக்கிறது. அன்றைக்கு நான் எழுதியனுப்பிய கருத்து கொஞ்சம் காரமாகவே இருந்தது.

மாதக்கணக்கில் ஓடவிட்டதில் தெரிந்த பெரிய விஷயம், முதல் கருத்துக்கும் பிந்தைய கருத்துக்கும் உள்ள தூரம். முதல் தடவை அசத்தியவற்றில் இன்றும் என் பட்டியலில் இருப்பவை குறைவு. மெட்டு இருப்பவை சீக்கிரம் தேய்கின்றன. எட்டு சுரம் கொண்ட அழகான பியானோ வரி இரண்டாவது வாரத்தில் தலைக்குள் தானாக ஓட ஆரம்பித்துவிடும், வேலை கெடும். நிலைத்தவை, முதலில் ஒன்றுமே நடக்காதது போலிருந்த ட்ராக்குகள்: பின்னால் டேப் இரைச்சல், எப்போது மாறியது என்று சொல்ல முடியாதபடி மாறும் இரண்டு கார்டுகள் (சுரக்கூட்டுகள்), அவ்வளவுதான். அவற்றுக்குக் கீழே பாராட்டு எதுவும் இருக்காது. கேட்டவர்களுக்குச் சொல்ல ஒன்றும் கிடைத்திருக்காது. இதனால் பல நல்லவர்கள் தப்பான பக்கம் நகர்வதைப் பார்க்கிறேன்: எந்த ட்ராக்குக்கு இதயக்குறி அதிகமோ அந்தப் பக்கம், அதாவது மெட்டும் முரசும் உள்ள பக்கம். ஆகவே ஒரு தடவை எழுதியபின், இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை எழுதுகிறேன், இன்னும் ஓட்டுகிறேனா, எதற்காக என்று. சிலர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், "எந்த ட்ராக்?" என்று கேட்பார்கள். பரவாயில்லை.

இரவு முழுக்க ஓட்டுபவர்களுக்காகச் சின்ன வேண்டுகோள்கள். எம்பி3 கோப்பின் முன்னும் பின்னும் என்கோடர் ஒரு துளி மௌனத்தைச் சேர்க்கிறது. திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அந்த இடம் தட்டும். ஃப்ளாக் அல்லது வேவ் கோப்பும் கொடுங்கள். 40 நிமிட ட்ராக்கைப் பத்து விநாடியில் ஃபேட் செய்யாதீர்கள். சத்தம் வந்து எழுப்புவது போலவே சத்தம் நின்றும் எழுப்பும். இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு இறங்கலாம்.

கருத்துச் சொல்பவர்களுக்கும் ஒன்று உண்டு. தலைப்பையும் விளக்கத்தையும் கேட்டபின் படியுங்கள். "சாகும் நட்சத்திரத்தின் கடைசி மூச்சு" என்று படித்துவிட்டால் எந்தப் பேடும் நட்சத்திரமாகத்தான் கேட்கும், பின்னணியில் ஊதா நிற நெபுலா படம் வேறு. "டிரம்ஸ் சேர்க்கலாமே" என்பதை மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

செய்பவர்களிடம் என் பெரிய மனக்குறை வேறு. கருத்துக்களைப் படித்துத் திருத்திய புதிய வடிவத்தைப் போடும்போது பழையதை அழித்துவிடுகிறார்கள். புதியது சுத்தமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் இத்தனை மாதம் பழகியது பழையதோடு, அதில் சில இரைச்சல்களோடும்தான். இரண்டையும் வைத்திருங்கள், பெயருக்குப் பின்னால் 1, 2 என்று எண் போட்டால் போதும்.