காரமா, மணமா? குமுளியில் ஸ்பானியச் சொல் தேடும்போது

குமுளிக்கு ஏலத்தோட்டம் பார்க்க வருகிறவர்களில் ஸ்பானியம் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகக் கடைப் பலகை எழுதிக் கொடுக்க உட்கார்ந்தால், முதலில் மல்லுக்கு நிற்பது 'ஸ்பைசி' என்ற ஆங்கிலச் சொல்தான்.

அதற்கு ஸ்பானியத்தில் இரண்டு சொற்கள். 'பிகாந்தே' என்றால் நாக்கைச் சுடும் காரம். 'எஸ்பெசியாதோ' என்றால் பட்டை, கிராம்பு, ஏலம் சேர்ந்த மணம். இங்கே ஒரு டீக்கடையில் மசாலா டீக்கு 'தே பிகாந்தே' என்று எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்த ஒரு அம்மா, மிளகாய் போட்ட டீ என்றே நினைத்து, வெறும் பால் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அடுப்பில் ஏலக்காய் தட்டிப்போட்ட டீ தெரு வரை மணந்துகொண்டிருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. அங்கே எஸ்பெசியாதோதான் சரி. 'தே கோன் எஸ்பெசியாஸ்', அதாவது மசாலாப் பொருட்கள் போட்ட டீ என்று எழுதினால் இன்னும் தெளிவு. பிகாந்தேயை மீன்குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

'ஹாட்' அவ்வளவு படுத்தாது. தமிழில் நினைத்தால் போதும்: சூடு என்றால் 'காலியெந்தே', காரம் என்றால் பிகாந்தே. வெயில் தாங்காதபோது மட்டும் 'தெங்கோ காலோர்' என்று சொல்லுங்கள். 'எஸ்தோய் காலியெந்தே' என்றால் காம வேட்கை என்ற பொருள் வந்துவிடும்.

அப்புறம் 'பெப்பர்'. எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இது. ஸ்பானியத்தில் மிளகு 'பிமியெந்தா', குடைமிளகாய் 'பிமியெந்தோ'. கடைசி எழுத்து மாறினால் பண்டமே மாறிவிடும். கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் மிளகாயைக் கண்டு, அங்குள்ளவர்களின் மிளகு அதுதான் என்று 1493ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதினார். அப்படித்தான் பழைய பெயர் புதுக் காய்க்கும் ஒட்டிக்கொண்டது. நாமும் அதையேதான் செய்தோம். போர்த்துகீசியர் கொண்டுவந்த காய் மிளகு மாதிரி உறைத்தது, மிளகாய் என்றோம். மலையாளம் இன்னும் ஒரு படி மேலே போனது. பேச்சில் வெறும் 'முளகு' என்றால் மிளகாய், நம் மிளகு 'குருமுளகு'. கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வேலைக்கு வரும் அக்கா ஒருவர் மிளகு கேட்டதற்கு, கடைக்குப் புதிதாக வந்த பையன் வற்றல் மிளகாயை அள்ளியதை நானே பார்த்திருக்கிறேன்.

மிளகாய்க்கு எந்தச் சொல் போடுவது? மெக்சிகோவில் 'சிலே', பெருவில் 'அஹீ', ஸ்பெயினில் சின்னக் கார மிளகாய்க்கு 'கிந்திய்யா'. எதிரில் ஆள் இருந்தால் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுச் சொல்வேன். பலகை என்றால் சிலேதான். மற்ற ஊர்க்காரர்களுக்கும் அது புரிகிறது.

மெக்சிகோக்காரர்களிடம் இன்னொரு சொல் இருக்கிறது. போன மாதம் ஒருவர் மீன்குழம்பை ஒரு வாய் வைத்ததும் கண் கலங்கி 'மே எஞ்சிலே' என்றார். மிளகாய் ஏறி வாய் எரிகிறது என்பதை ஒரே வினைச்சொல்லில் அடக்கிவிட்டார். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லை நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இருந்த கம்பத்து டிரைவர் அண்ணன் அவர் முகத்தைப் பார்த்து, "உறைச்சிருச்சா?" என்று கேட்டபடி தயிர்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.