எழும்பூரா, பி.ஏ.வா?

பிளஸ் டூ முடித்த என் அக்கா மகளுக்கு வரைவதில்தான் உயிர். வீட்டிலோ, “பக்கத்துக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்துவிடு, படத்தை ஞாயிற்றுக்கிழமை வரையலாம்” என்கிறார்கள்.

எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். பின்னாளில் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், 1966-ல் மாணவர்களோடு சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியம், சிற்பம், சுடுமண் என்று பிரிவுகள் உண்டு. பி.எஃப்.ஏ. என்னும் கவின்கலைப் பட்டப்படிப்பு நான்கு வருடம். பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதாது, சேரும்போதே வரைந்து காட்ட வேண்டும்.

அங்கே பாடம் கையில்தான் ஏறும். களிமண் பொம்மை முழுசாகக் காயாமல் உள்ளே ஈரம் நின்றுவிட்டால், சூளையில் வெடித்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்து யாருக்கும் உறைக்காது. வாரக்கணக்கான வேலை ஒருமுறை சில்லுசில்லாகப் போனால் உறைக்கும்.

பி.ஏ. மூன்றே வருடம். அப்புறம் பி.எட்., வாத்தியார் வேலை என்று ஊருக்குத் தெரிந்த பாதை. மாலையில் நேரமும் மிஞ்சும். ஆனால் தப்பாக விழுந்த கோட்டைப் பக்கத்தில் நின்று திருத்த ஆள் இருக்காது.

செலவு? பொதுவாக இரண்டும் அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் பெரிய பாரமில்லை. வண்ணமும் கேன்வாஸும்தான் பையைக் கடிக்கும்.

என்னைக் கேட்டால் எழும்பூர். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.