மேசியா தீர்க்கதரிசன வகுப்பு, பார்டர் பக்கம்: போகலாமா?

தமிழ்நாடு-கேரள பார்டரில், களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் ஒரு சபையின் பின்பக்க ஹாலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கிற, மேசியாவை (வருவார் என்று வாக்குப்பண்ணப்பட்ட ராஜாவை) பற்றின தீர்க்கதரிசன வகுப்பைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். பழைய ஏற்பாட்டை ஒரு தடவையாவது வாசித்தவர்கள் கட்டாயம் போக வேண்டும் என்றே சொல்வேன். சபையின் பெயரைப் போட வேண்டாம் என்று நடத்துகிறவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை, பார்டர் பக்கம் யாரிடம் விசாரித்தாலும் வழி சொல்லிவிடுவார்கள். கட்டணம் கிடையாது, நோட்ஸுக்கு மட்டும் அச்சுச் செலவு வாங்குகிறார்கள்.

நம்ம ஊர் கன்வென்ஷன் பந்தல்களில் தீர்க்கதரிசனம் என்றால் பெத்லகேம், முப்பது வெள்ளிக்காசு, கழுதைக்குட்டி என்று நிறைவேறினவற்றை வரிசையாக அடுக்கிக்கொண்டே போவார்கள், நாமும் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இயேசுதான் வாக்குப்பண்ணப்பட்டவர் என்று காட்ட அது உதவும். ஆனால் கூட வேலை செய்கிற ஒருவர், "சரி, தாவீது வம்சத்தில் ஒரு ராஜா வருவார் என்று உங்கள் தீர்க்கதரிசிகள் சொன்னார்கள், அந்த ராஜா தெய்வம் என்று எங்கே சொன்னார்கள்?" என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் வராது. இந்த வகுப்பு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது, கடைசி வரைக்கும் அதை விடுவதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பிரசங்கத் தொனியே இல்லாமல் பேசுவார். அவர் கையாளும் முறை எளிமையானது. எபிரேய வேதத்தில், அதாவது நம்முடைய பழைய ஏற்பாட்டில், இரண்டு வாக்குத்தத்தங்கள் தனித்தனியாக ஓடுகின்றன. தாவீதின் குமாரன் ஒருவர் வருவார் என்பது ஒன்று, கர்த்தர் தாமே வருவார் என்பது இன்னொன்று. ஏசாயா 40-இல் வனாந்தரத்திலே கர்த்தருக்கு வழியை ஆயத்தப்படுத்தச் சொல்கிற சத்தம் கேட்கிறது, மாற்கு தன் சுவிசேஷத்தின் தொடக்கத்திலேயே அந்த வசனத்தை எடுத்து யோவான்ஸ்நானனுக்குப் பொருத்துகிறார், அப்படியானால் அந்த வழியில் நடந்து வந்தவர் யார்? எசேக்கியேல் 34-இல் இரண்டும் ஒரே அதிகாரத்தில் நிற்கின்றன. நானே என் ஆடுகளைத் தேடிப்போவேன், நானே மேய்ப்பேன் என்கிறார் கர்த்தர். கொஞ்சம் தள்ளி, என் தாசனாகிய தாவீது என்னும் ஒரே மேய்ப்பனை ஏற்படுத்துவேன் என்றும் சொல்கிறார். எத்தனையோ வருஷமாக வாசித்த அதிகாரம்தான், இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் எனக்குக் காட்டினதில்லை.

நமக்கு ஒரு பாலகன் பிறந்தார் என்கிற ஏசாயா 9:6 எடுத்த அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் வகுப்பின் தரம் புரியும். "வல்லமையுள்ள தேவன்" என்று ஆசிரியர் வாசித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு காலேஜ் பையன் எழுந்தான். "சார், எசேக்கியா ராஜாவைத்தான் இது சொல்லுதுன்னு யூதர்கள் சொல்றாங்களே, ராஜாவுக்குக் கொடுத்த பட்டப்பேரா இருக்கலாமே?" என்றான். ஹாலில் ஒரு முணுமுணுப்பு. ஆசிரியர் கோபப்படவில்லை. "நல்ல கேள்வி மக்கா. அப்படி ஒரு வியாக்கியானம் இருக்கத்தான் செய்யுது. அடுத்த அதிகாரம் 21-ஆம் வசனத்தைச் சத்தமா வாசி" என்றார். யாக்கோபில் மீதியாயிருப்பவர்கள் "வல்லமையுள்ள தேவனிடத்தில்" திரும்புவார்கள் என்று அவனே வாசித்தான். அங்கே அந்தப் பேர் கர்த்தரைத் தவிர யாருக்கும் பொருந்தாது. அதே தீர்க்கதரிசி ஒரே பக்கத் தூரத்தில் அதே பேரை வேறு அர்த்தத்தில் சொல்லியிருப்பாரா என்று கேட்டுவிட்டு ஆசிரியர் உட்கார்ந்துவிட்டார், முடிவை எங்களிடமே விட்டார்.

ஏசாயா 53-க்கு அவர் செய்த ஏற்பாடு என் மனசை விட்டுப் போகவில்லை. கல்யாணப் பந்தியில் மேசைக்கு விரிக்கிற பேப்பர் ரோலை ஹால் தரையில் ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நீட்டி விரித்து, கோடு போட்டு 54 பத்திகளாகப் பிரித்திருந்தார். 1947-இல் சவக்கடல் பக்கம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருளின் நீளமும் பத்தி எண்ணிக்கையும் அதுதான். 17 தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சுருள், கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு முன் நம்மிடம் இருந்த முழு எபிரேயப் பிரதிகளை விட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பழையது. 44-ஆவது பத்தியில் சிவப்பு மையால் ஒரு கட்டம் போட்டு, நம்முடைய மீறுதல்களினிமித்தம் காயப்பட்ட, கர்த்தருடைய தாசனைப் பற்றின பகுதி இங்கே வருகிறது என்று காட்டினார். சிலுவைக்குப் பிறகு கிறிஸ்தவர்கள் எழுதிச் சேர்த்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தத் தாசன் இஸ்ரவேல் ஜனம்தான் என்று 11-ஆம் நூற்றாண்டில் யூத வியாக்கியானி ராஷி எழுதினதையும் அவர் மறைக்கவில்லை. ஏசாயா 49:3 தாசனை இஸ்ரவேலே என்று கூப்பிடுவதை முதலில் காட்டினார், அப்புறம் அதே தாசன் யாக்கோபைத் திருப்பிக் கொண்டுவருகிறவராகவும் அங்கேயே இருப்பதைக் காட்டினார். அதற்கப்புறம் வந்தது எனக்குப் புதுசு. ஏசாயா 6-இல் ஆண்டவரின் சிங்காசனம் உயரமும் உன்னதமுமாக இருக்கிறது, 52:13-இல் பாடுபடப்போகிற தாசனும் உயர்ந்து உன்னதமாயிருப்பார். யோவான் 12-இல் இந்த இரண்டு பகுதிகளிலிருந்தும் வசனங்களை அடுத்தடுத்து எடுத்து வைத்து, ஏசாயா அவருடைய மகிமையைக் கண்டு அவரைக் குறித்துப் பேசினான் என்று எழுதியிருக்கிறது. சிங்காசனத்தில் இருந்தவரும் காயப்பட்டவரும் ஒருவரே! நான் அந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சங்கீதம் 110-ம் தானியேல் 7-ம் சேர்ந்த வகுப்பைத் தவற விடாதீர்கள். மேகங்கள் கர்த்தருடைய இரதம் என்று சங்கீதம் 104 சொல்கிறது, தானியேல் பார்த்ததோ மனுஷகுமாரனைப் போன்ற ஒருவர் மேகங்களோடு வந்து சகல ஜனங்களும் சேவிக்கும் ராஜ்யத்தைப் பெறுவதை. பிரதான ஆசாரியன் முன்னால் இயேசு சங்கீதம் 110-இன் வலதுபாரிசத்தையும் தானியேலின் மேகங்களையும் சேர்த்துத் தன்னைப் பற்றிச் சொன்னதும் அவன் ஏன் வஸ்திரத்தைக் கிழித்தான் என்று அன்றைக்குத்தான் தெளிவாகப் புரிந்தது. இயேசுவைத் தெய்வம் ஆக்கினது கி.பி. 325-இல் சபைத் தலைவர்கள் கூடின நிசேயா சங்கம்தான் என்று யூடியூபில் கேட்டுக் குழம்பின பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த ஒரு வகுப்புக்காவது கூட்டிக்கொண்டு போங்கள்.

குறைகளும் உண்டு. கன்னிகை ஒரு குமாரனைப் பெறுவாள் என்கிற ஏசாயா 7:14-ஐ மிக வேகமாகத் தாண்டிவிட்டார். ஆகாஸ் ராஜாவுக்கு அந்த நேரத்தில் அந்த அடையாளம் என்ன அர்த்தம் கொடுத்தது என்பதற்கே ஒரு வாரம் ஒதுக்கியிருக்க வேண்டும். தானியேல் 9-இன் எழுபது வாரக் கணக்கில் எருசலேமைத் திரும்பக் கட்டக் கட்டளை பிறந்த வருஷம் என்று கி.மு. 457-ஐத் தொடக்கமாக வைத்துப் போர்டில் கூட்டிக் காட்டினார், 445-லிருந்து கணக்கிடுகிற கிறிஸ்தவ வியாக்கியானிகளும் இருக்கிறார்கள் என்று சொல்லவே இல்லை. மற்ற இடங்களில் இவ்வளவு நேர்மையாக நடத்துகிறவர் இங்கேயும் அப்படியே செய்திருக்கலாம், அவரிடம் நேரிலும் சொன்னேன், கேட்டுக்கொண்டார். மைக் எதிரொலிப்பதால் முன்வரிசையில் உட்காருவது நல்லது.

பாறசாலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இருப்பதால் பாதி மலையாளத்தில் போகும், குமரி மாவட்டக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, மதுரை, நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறினவர்களுக்கு முதலில் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று எல்லாரும் வருகிறார்கள், சபைச் சண்டை எதுவும் உள்ளே வருவதில்லை. இடைவேளையில் கட்டஞ்சாயாவும் பழம்பொரியும் உண்டு.

போகிறவர்கள் போன் ஆப்பை நம்பாமல் ஒத்துவாக்கியம் (தொடர்புள்ள வசனங்களின் குறிப்பு) போட்ட வேதாகமத்தைக் கையில் கொண்டு போங்கள், முன்னும் பின்னும் புரட்ட வேண்டியிருக்கும். யூதர்களின் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: நம்முடைய ஏசாயா 9:6 அங்கே 9:5, மீகா 5:2 அங்கே 5:1. அடுத்த வரிசை வகுப்பு ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் முடிந்து தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள், சகரியாவும் மல்கியாவும் எடுக்கப்போகிறாராம், நான் பெயர் கொடுத்துவிட்டேன்.