கருக்கலைப்பு மாத்திரை கிட்: கடையில் வாங்கினால், டாக்டரிடம் போனால்

நாள் தள்ளிப்போய், டெஸ்ட் கார்டில் இரண்டு கோடு விழுந்து, இப்போது குழந்தை வேண்டாம் என்ற யோசனையும் வந்துவிட்டால் பலரும் முதலில் போய் நிற்பது மெடிக்கல் ஷாப்பில்தான். அங்கே ‘எம்.டி.பி. கிட்’ என்று கேட்டு வாங்கும் அட்டையைப் பற்றியதே இந்த விமர்சனம். மருந்து என்ற அளவில் இது நல்ல மருந்து. சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரையாக இதை யாருக்கும் சொல்ல மாட்டோம். சட்டப்படியும் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது.

அட்டையில் ஐந்து மாத்திரை இருக்கும். ஒன்று 200 மில்லிகிராம் மிஃபெப்ரிஸ்டோன். கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை இது தடுக்கிறது. மற்ற நான்கும் தலா 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால். 24 முதல் 48 மணி நேரம் கழித்து, டாக்டர் சொல்லும் முறையில் எடுக்கும்போது கருப்பை சுருங்கி உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். 9 வாரத்துக்குள், அதாவது 63 நாளுக்குள் சரியாக எடுத்தால் நூற்றில் 95 பேருக்கு மேல் முழுதாகக் கலைந்துவிடுகிறது.

சிக்கல் அந்த 63 நாள் கணக்கில்தான். கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். உறவு வைத்த நாளிலிருந்து எண்ணுகிறவர்களுக்கு இரண்டு வாரம் குறைந்துவிடும். எட்டு வாரம் என்று நினைப்பது பத்தாக இருக்கும். மாதவிலக்கு தாறுமாறாக வருகிறவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இந்தக் கணக்கே எடுபடாது, ஸ்கேன்தான் வழி. வாரம் ஏற ஏற ரத்தப்போக்கும் அரைகுறையாகக் கலைவதும் கூடுகிறது. கடைக்காரர் இதையெல்லாம் கேட்பதில்லை, கேட்டாலும் சரிபார்க்க அவரிடம் வழியில்லை.

ஸ்கேனுக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. கொஞ்சம் ரத்தம் படும், வேலை முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடுவார்கள், உள்ளே குழாய் வெடிக்கும். உயிரே போகக்கூடியது இது. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் என்று வந்தால் உடனே 108.

டாக்டரிடம் போனால் ஹீமோகுளோபின், ரத்த குரூப் பார்ப்பார்கள். கடும் ரத்தசோகை, ரத்தம் உறையாத கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, நீண்ட நாள் ஸ்டீராய்டு, உள்ளே காப்பர்-டி: இவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நெகட்டிவ் குரூப் என்றால், அடுத்த கர்ப்பத்துக்குச் சிக்கல் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.

மிசோப்ரோஸ்டால் எடுத்த சில மணி நேரத்தில் ரத்தப்போக்கு தொடங்கும். மாதவிலக்கைவிட அதிகமாக, கட்டி கட்டியாகப் போகும். குளிர் நடுக்கம், பேதி, சில மணி நேரக் காய்ச்சல் வருவது வழக்கம்தான். வலிக்கு ஐபுப்ரோஃபென் கேட்கும் அளவுக்கு பாராசிட்டமால் கேட்காது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய பேட் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினாலோ, நாற்றத்தோடு வெள்ளை பட்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தமே படவில்லை என்றாலும் போக வேண்டும். கர்ப்பம் தொடரலாம், மிசோப்ரோஸ்டால் சிசுவைப் பாதித்திருக்கவும் கூடும். 15ஆம் நாள் செக்கப்பைத் தவிர்க்காதீர்கள். டெஸ்ட் கார்டு போட்டு நீங்களே பார்ப்பதில் பயனில்லை, கலைந்த பிறகும் சில வாரம் அது இரண்டு கோடுதான் காட்டும். அடுத்த கருமுட்டை எட்டே நாளில்கூட வெளிவரலாம் என்பதால் கருத்தடை பற்றியும் அன்றே பேசிவிடுவது நல்லது.

மாத்திரைக்கு மாற்று, உறிஞ்சி எடுக்கும் எம்.வி.ஏ. முறை. 12 வாரம் வரை செய்யலாம். சில நிமிட வேலை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம், விரும்பினால் அப்போதே காப்பர்-டியும் போட்டுக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கு மேல் ரத்தப்போக்கை வீட்டில் சமாளிக்க முடியாதவர்களுக்கும், ஆஸ்பத்திரி தூரமாக இருக்கிறவர்களுக்கும் எங்கள் ஓட்டு இதற்குத்தான். சுரண்டி எடுக்கும் பழைய டி அண்ட் சி வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. எந்த முறை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை. அருகில் எங்கே செய்கிறார்கள் என்று அரசின் மருத்துவ உதவி எண் 104-ஐ அழைத்துக் கேட்கலாம். 18 வயது நிறைந்தவர் என்றால் உங்கள் கையெழுத்து மட்டும் போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை; கருத்தடை ஆபரேஷன் செய்தால்தான் என்று நிபந்தனை போடவும் முடியாது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். சில பிரிவினருக்கு இரண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரை வழியுண்டு. திருமணமாகாதவர்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் பெயரை வெளியே சொல்கிற டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை. 18 வயதுக்குக் கீழ் என்றால் காப்பாளர் கையெழுத்து வேண்டும், போலீஸுக்குத் தகவலும் போகும். பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் பெயரைச் சொல்லாமலே தகவல் தரலாம்.

டாக்டரிடம் போவதாலேயே கலைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. பெற்றுக்கொள்வதாக முடிவெடுத்தால் கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள். தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய், ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். பெற்றாலும் வளர்க்க முடியாத நிலை என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம், 60 நாளுக்குள் மனம் மாறினால் திரும்பக் கேட்கலாம். தெரிந்தவர், புரோக்கர் என்று யார் கையிலும் நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். அது குற்றம், அந்த 60 நாள் உரிமையும் அங்கே கிடையாது.